இரண்டு மீட்டர் பத்து

பூச்சு காய நூறு எண்ண வேண்டும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பதினான்கு வருடமாகத் தோண்டியெடுத்த பானை ஓட்டுச் சில்லுகளின் மேல் எண் எழுதி எழுதிக் கமலவேணிக்குத் தானாகப் பிடிபட்ட கணக்கு. சில்லின் உள்பக்கத்தில் விரல்நுனி அகலத்துக்கு நிறமில்லாத நகப்பாலிஷ், அது காய ஒரு நூறு, அதன்மேல் கறுப்பு மையில் குழியின் பெயர், ஆழம், வரிசை எண், மை காய இன்னொரு நூறு, அதற்குமேல் மறுபடி ஒரு சொட்டு நகப்பாலிஷ், ஆக ஒரு சில்லுக்கு முந்நூறு. "நெகத்துக்குப் பூசறத ஓட்டுக்குப் பூசற கூத்த இங்கதானுங் அம்மணி பாக்கறேன்," என்று குழியில் மண் சுரண்டும் பாவாயி வருடா வருடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்த கையோடு சுண்டுவிரலை நீட்டி அதற்கு மட்டும் ஒரு பூச்சு வாங்கிக்கொண்டுதான் கரண்டியைத் தொடுவாள். இன்றைக்கு எண்ணிக்கை முப்பதைத் தாண்ட மாட்டேன் என்கிறது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது என்று வந்ததும் கண் தானாகக் கொட்டகையின் மூலைக்குப் போகிறது, அங்கே கழிவுத் தட்டு, தட்டில் அந்த வில்லை, திரும்பி வந்தால் எத்தனையில் விட்டோம் என்பது மறந்துபோகிறது. மறுபடி ஒன்று. மறுபடி இரண்டு. நொய்யல் பக்கமிருந்து வரும் காற்று கூரைத் தார்ப்பாயை ஒரு தரம் உப்பவைக்கிறது, ஒரு தரம் விடுகிறது, யாரோ மேலே படுத்து மத்தியானத் தூக்கம் போடுவதுபோல. மணி இரண்டேகால். நான்கு மணிக்கு டிராக்டர் வரும்.

டிராக்டர் வந்தால் வெங்கக்காட்டு மேட்டில் இந்த வருட அகழாய்வு வேலை முடிந்தது. தோண்டியதை எல்லாம் மூட வேண்டும், அதுதான் வழக்கம். குழியின் அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, விரிப்பின்மேல் வேண்டாம் என்று ஒதுக்கிய சாமான் மூட்டைகள், அவற்றின்மேல் இந்த வருடம் அச்சடித்த புது நாணயம் ஒன்று, அப்புறம் மண். நாணயத்தை இயக்குநர் அறவாழி தன் கையாலேயே போடுவார். பின்னால் எந்தக் காலத்திலாவது எவனாவது மறுபடி தோண்டினால், இந்த ஆழம் வரைக்கும் ஏற்கெனவே ஒருத்தர் வந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று தெரிய வேண்டுமாம். ஒதுக்கிய சாமான் என்றால் பீடிக்கட்டுத் தாள், சோடா மூடி, உடைந்த வளையல், அலுமினியக் கரண்டிக் காம்பு. அவற்றோடு இப்போது அந்த வில்லை. கண்ணாடிபோலத் தெளிந்த கல், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் லேசாகப் புடைத்தது, அகலத்தில் பெரிய பொட்டு அளவு, உள்ளே ஓரமாக மயிரிழைபோல ஒரு வெள்ளைக் கோடு. மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறந்து உட்கார்ந்தபோதுதான் அதைத் தட்டில் பார்த்தாள். வாயில் வைத்த முதல் கவளம் அப்படியே நின்றுவிட்டது. எட்டு நாளாக அவள் காத்திருந்தாள், இன்றைக்குக் கூப்பிடுவார், நாளைக்குக் கூப்பிடுவார், ஏ நாலு குழிப் பையைப் பிரித்ததும் அறவாழி சார் சந்தோஷத்தில் கொட்டகையே அதிரக் கத்துவார் என்று. அவர் கத்தவில்லை. இன்று காலை அந்தத் தட்டைக் காட்டி யாரிடமோ சிரித்துக்கொண்டு சொன்னது இப்போதுதான் புரிகிறது: "எந்தப் பண்ணாடியோ மூக்குக்கண்ணாடியத் தொலைச்சுட்டுத் தேடியிருக்காரு பாவம், அந்தக் காலத்துல கல்லுலயே போட்டாங்கல்ல." அவர் சிரித்ததில் தப்பே இல்லை. வில்லை கிடந்த பையின் சீட்டு அப்படிச் சொன்னது. பி இரண்டு குழி, மேல்மண். சீட்டில் இருப்பது கமலவேணியின் கையெழுத்து.

மேல்மண்ணில் கிடந்தால் அது நிலக்காரப் பண்ணாடி ஒருவரின் மூக்குக்கண்ணாடி. ஏ நாலு குழியில் இரண்டு மீட்டர் பத்து ஆழத்தில் கிடந்தால்? நினைக்கும்போதே தலை லேசாகச் சுற்றுகிறது, தொட்டில் ராட்டினத்தில் கீழே இறங்கும்போது வயிறு மட்டும் மேலேயே நின்றுவிடுமே, அந்த மாதிரி. இரண்டு மீட்டர் பத்தில்தான் மணி செய்தவர்களின் தரை. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தத் தரை முழுக்க வெங்கச்சாங்கல் என்கிற படிகக்கல்லின் தூள், பாதி துளைத்த மணி, துளைக்கும்போது உடைந்த மணி, கடுகைவிடச் சின்ன மணி, அதிலும் ஒரு துளை, துளைக்குள்ளே குதிரைமயிர்கூட நுழைய யோசிக்கும். பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்பார்கள், எப்படிங்க துளைச்சாங்க? அறவாழி சாரும் ஒரே பதில் சொல்வார், அது அவங்க கண்ணுங்க, நம்ம கண்ணு மாதிரியா? சொல்லிவிட்டுக் கமலவேணி பக்கம் கையைக் காட்டுவார், "எங்க அம்மணிக்கும் அந்தக் கண்ணுதான், பொறந்தப்பவே பூதக்கண்ணாடியோட பொறந்திருக்கு." அவளும் தலை குனிந்து சிரிப்பாள். சோற்றுத் தூக்கு வைக்கிற பைக்குள், அடியில், துண்டுக்குள்ளே சுருட்டி, காங்கயம் சந்தையில் வாங்கிய பவர் கண்ணாடி கிடக்கும். போன வருடமே சாளேசுரம் வந்துவிட்டது. வீட்டுக்காரருக்கே தெரியாது. எழுதுவதைக் கை பழக்கத்தில் எழுதிவிடும், படிக்கத்தான் முடியாது. கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு அதை மாட்டி, போனில் வந்த சேதியைப் படித்துவிட்டு, மறுபடி சுருட்டி வைத்துவிடுவாள். நாற்பத்தாறு வயதில் கள்ளக் காதல்போல ஒரு கண்ணாடி. நினைத்தால் அவளுக்கே சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

எட்டு நாளைக்கு முன்பு, அன்றைக்கு வெயில் இப்படித்தான் இருந்தது, இல்லை, இதைவிட வெள்ளையாக. ஏ நாலு குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், மடியில் இரண்டு பை, ஒன்று பி இரண்டில் மேல்மண் வழித்தபோது பொறுக்கியது, இன்னொன்று ஏ நாலில் அன்றைக்கு எடுத்தது. கீழே பாவாயி ஒரு சின்னச் சட்டியைச் சுற்றி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். சட்டி கவிழ்ந்து கிடந்தது. கிடந்தது இல்லை, கவிழ்த்து வைத்திருந்தது. படம் எடுக்கிற பையன் அறவாழி சாரோடு மேட்டின் மறுகோடியில். படம் எடுக்காமல் எதையும் அசைக்கக் கூடாது, அது இங்கே சாமி கும்பிடுவதற்கும் மேலான விதி. ஆனால் சட்டி பாவாயியின் கை படுமுன்பே விரிசலில் பிளந்து மண்ணோடு சரிந்துவிட்டது, அடியில் கிடந்தது அவள் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. "அம்மணி, இதென்னுங் பனிக்கட்டியாட்டம் இருக்குது," என்று அண்ணாந்து நீட்டினாள். கமலவேணி வாங்கினாள். சில்லென்றிருந்தது. அந்த வெயிலில் அத்தனை மண்ணுக்கு அடியிலிருந்து வந்த குளிர்ச்சி நேரே முழங்கை வரைக்கும் ஏறியது, ஒரு நிமிஷம் எதுவும் தோன்றவில்லை, யார் என்ன என்று எதுவும் இல்லை, குளிர்ச்சி மட்டும். அப்புறம் பையில் போட வேண்டும். எந்தப் பை? தன் கையால் தானே எழுதிய சீட்டு, கிட்டே கொண்டுவந்தால் எறும்பு ஊர்கிறது, தள்ளிப் பிடித்தால் வெயில் அடித்து வெள்ளையாகிறது. பாவாயிக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்துக் குழியில் அளவு எடுத்துக்கொண்டிருந்தவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், தம்பி, இதைச் சித்தெ படிச்சுச் சொல்லு. கேட்டால்? பூதக்கண்ணாடியோடு பிறந்தவளுக்குத் தன் எழுத்தே தெரியவில்லை என்று சாயங்காலத்துக்குள் மேடு முழுக்கப் பரவியிருக்கும். இடது கையில் இருப்பதுதான் ஏ நாலு என்று நிச்சயமாகத் தோன்றியது. போட்டாள். பையின் வாயை மடித்து ஒட்டினாள். அவ்வளவுதான் நடந்தது.

முப்பது. மறுபடி விட்டுவிட்டது. அம்மா ஞாபகம் வருகிறது, வரும் என்று தெரியும், அதனால்தான் எண்ணுவதே. அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். டியூப் லைட்டுக்குக் கீழே நீள மேஜை, மேஜைமேல் வெள்ளைத் துணி ஓடிக்கொண்டே இருக்கும், ஓட்டை, கறை, நூல் விட்டது எல்லாம் கண்ணால் பிடித்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாற்பத்தைந்து வயது வரைக்கும் அம்மாவின் ஸ்டிக்கர் தப்பியதில்லை. அப்புறம் ஒரு மாதத்தில் மூன்று பெட்டி வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தது. யாரும் திட்டவில்லை. சூப்பர்வைசர் மரியாதையாகவே சொன்னானாம், அக்கா, நீங்க நாளையில இருந்து பாத்ரூம் பக்கம் பாத்துக்கங்க. வீட்டுக்கு வந்து அம்மா அதைச் சொல்லவில்லை. ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கோத்துக்கொண்டே இருந்தாள். நூல் ஊசிக்கு இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் போகிறது. கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள், கை அதற்குமேல் நீளவில்லை. குடும்மா நான் கோக்கறேன் என்று வாங்கியபோது அம்மா பார்த்த பார்வையைக் கமலவேணி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அது கோபமில்லை. திருடி மாட்டிக்கொண்டவர்கள் பார்க்கிற பார்வை. கண் மங்குவது அப்படி என்ன திருட்டு? தெரியவில்லை, ஆனால் அப்படித்தான் இருக்கிறது, தனக்கும் அப்படித்தான் இருக்கிறது. அடுத்த வருடத்துக்கான ஆள் பட்டியல் இன்றைக்கு அறவாழி சாரின் மேஜையில் இருக்கிறது. வரைபடம், எண் எழுதுதல் என்பதற்கு நேரே கமலவேணியின் பெயர். போன வாரம் ஒரு பெண் வேலை கேட்டு வந்து பார்த்துவிட்டுப் போனாள், இருபத்துமூன்று வயது, கண்ணெல்லாம் மீன் மாதிரி துள்ளிக்கொண்டு.

மேல்பூச்சு வைக்க வேண்டிய சில்லை எடுக்கிறாள். ஒரு சொட்டு. சொட்டு பரவுவதற்கு முன்னால், குமிழாக நிற்கிற அந்த ஒரு நொடியில், அடியிலிருக்கும் எழுத்து பெரிதாகி மேலே எழுந்து வருகிறது. ஏ. நான்கு. கொட்டை கொட்டையாக. அப்புறம் சொட்டு பரவி எழுத்து அமுங்கிவிடுகிறது. பதினான்கு வருடமாகத் தினமும் நூறு தரம் பார்த்தது இது, பார்த்தாளா? கண்ணுக்கு முன்னால் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு சொட்டு வைக்கிறாள். எழுத்து வருகிறது, போகிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அந்த மணித் தரையிலும் யாரோ ஒருத்தி இதைப் பார்த்திருப்பாள். ஒருத்தியா ஒருவனா, ஒருத்தியாகவே இருக்கட்டும். நொய்யலில் சாயமும் நுரையும் இல்லாத காலம், தண்ணீர் தெளிந்து ஓடுகிறது, அவள் வெங்கச்சாங்கல்லைத் தேய்க்கும்போது மேலே தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு சொட்டு மணிமேல் நிற்கிறது, துளை பெரிதாகத் தெரிகிறது, சொட்டு வழிந்து ஓடிவிடுகிறது. அவளுக்கும் நாற்பத்தாறு. அவளும் கையை நீட்டி நீட்டிப் பார்க்கிறாள், மணி தூரமாகப் போய்க்கொண்டே இருக்கிறது, பக்கத்தில் மீன்கண்ணுக்காரி ஒருத்தி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே துளைக்கிறாள். இவளுக்கு ஓடிப்போகாத ஒரு சொட்டு வேண்டும். கையில் இருப்பதோ தண்ணீர் மாதிரியே இருக்கிற கல். எத்தனை நாள் தேய்த்தாளோ, யாருக்கும் தெரியாமல்தான் தேய்த்திருப்பாள், யாராவது கேட்டால் பெரிய மணி என்று சொல்லியிருப்பாள். ஒரு நாள் அதற்குள்ளே துளை எழுந்து வந்திருக்கும். கமலவேணி கையிலிருந்த சில்லைக் கீழே வைக்கிறாள். அது அவங்க கண்ணு என்று அறவாழி சார் எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று. கண் இல்லை சார். கண் போனவள் செய்தது. கண் போகாமல் இருந்திருந்தால் இது எதற்கு? சாயங்காலம் வேலை முடிந்ததும் கீறல் படக் கூடாதென்று சின்னச் சட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டுப் போயிருக்கிறாள், நாளைக் காலை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று.

பாவாயி தண்ணீர் குடிக்க வருகிறாள். "பாவாயக்கா, அன்னிக்கு எங்கிட்டக் குடுத்தியே, அது எங்க எடுத்ததுன்னு ஞாபகம் இருக்குதா?" "அதென்னுங் அப்பிடிக் கேட்டுப்போட்டீங்க, கவுத்து வெச்ச சட்டிக்கடியிலீங். குளுகுளுன்னு இருந்துச்சே." செம்பைக் கவிழ்த்து அண்ணாந்து குடித்துவிட்டு வாயைத் துடைக்கிறாள். "ஏனுங், எதாச்சும் விசேசமுங்களா?" ஒன்றுமில்லை என்கிறாள் கமலவேணி. ஒன்றுமில்லை. எழுந்து போய் வில்லையை எடுக்கிறாள். அதே குளிர்ச்சி. ஏ நாலு பைக்குள் நழுவ விட்டுவிட்டால் என்ன? அந்தப் பையைப் பிரித்து, உள்ளே இருந்ததை எண்ணி, பட்டியல் போட்டு மூடியாயிற்று. இப்போது ஒன்று கூடினால் யாரோ கொண்டுவந்து போட்டது என்பார்கள், அதோடு எல்லாம் கெட்டுவிடும். பேசாமல் இருந்தால்? மூட்டையோடு குழிக்குள் போகும், மேலே இந்த வருட நாணயம். இன்னும் இரண்டாயிரம் வருடம் கழித்து எடுப்பவர்கள் நாணயத்தைப் பார்த்து, ஆகா, இந்தக் காலத்து மனிதர்கள் கல்லைத் தேய்த்துத்தான் கண்ணாடி போட்டார்கள் என்று எழுதிவைப்பார்கள். அப்போதும் தேய்த்தவளின் பெயர் வெளியே வராது. மூன்றே முக்கால் ஆகிவிட்டது, எப்படி ஆனது, இரண்டேகாலிலிருந்து நேரே மூன்றே முக்கால். பாதையில் டிராக்டர் சத்தம் கேட்கிறது, முன்னதாகவே வந்துவிட்டான் படுபாவி. கால் நடக்கிறது. பவர் கண்ணாடி பைக்குள்ளேயே கிடக்கிறது, எடுக்கத் தோன்றவில்லை.

அறவாழி சார் தன் மேஜையில் நாணயத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "சார், இது பி இரண்டு இல்லைங்க. ஏ நாலு. மணிக்காரங்க தரையில, கவுத்து வெச்ச சட்டிக்கு அடியில இருந்துச்சு. நாந்தான் பை மாத்திப் போட்டுட்டேன்." அவர் சிரிக்கிறார், அப்புறம் சிரிப்பு நிற்கிறது. "நீங்களா? நீங்க எப்படிம்மா மாத்திப் போடுவீங்க?" அம்மாவின் பார்வை, ஊசி, நூல். "எனக்குக் கிட்டத்துல கண்ணு தெரியறதில்லீங்க சார். ஒரு வருசமாச்சு. சீட்டப் படிக்க முடியல, கேக்க வெக்கமா இருந்துச்சு." சொல்லி முடித்து வில்லையை மேஜைமேல் வைக்கிறாள். அவர் எழுந்துவிட்டார். "ஏ நாலுல வில்லை, அதுவும் சட்டிக்கடியில... என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? படம் இல்ல, இருந்த எடத்துல யாரும் பாக்கல. உங்க வாய்வார்த்தையையும் பாவாயி வாய்வார்த்தையையும் வெச்சுட்டு நான் ஊர் ஒலகத்துக்கு என்ன பதில் சொல்றது? பதினாலு வருசம், கமலவேணி!" அம்மா போட்டுக் கூப்பிட்டது போய் வெறும் பெயராகிவிட்டது. "ஒலகத்துக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க சார். எங்க கெடச்சதுன்னு நோட்டுல எழுதி வெச்சாப் போதும்." "எழுதணும்! கண்ணு தெரியலேங்கறீங்க, யாரு எழுதறது?" கோபத்தில் கேட்டதுதான். பொருள் பதிவு நோட்டைத் தூக்கி அவள் முன்னால் போடுகிறார்.

அவள் உட்காருகிறாள். பக்கம் முழுக்க எறும்பு. வில்லையைச் சேலைத் தலைப்பில் துடைக்கிறாள், புடைத்த பக்கம் மேலே வர, தாளுக்கு ஒரு விரல் கனம் உயர்த்தி இடது கையில் பிடிக்கிறாள். இன்னும் கொஞ்சம் மேலே. எறும்புகள் நின்றன. கட்டம் எழுந்து வந்தது, கட்டத்தின் சிவப்புக் கோடு எழுந்து வந்தது, வெள்ளைக் கீற்று இருக்கிற ஓரம் மட்டும் புகை, அதற்கு எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்திருக்கிறது, தேய்த்தவளும் கட்டைவிரலை அங்கேதான் வைத்திருப்பாள். வலது கையில் பேனா. எழுதுகிறாள். பி இரண்டை ஒரு கோடு இழுத்து அடித்து, மேலே ஏ நாலு. ஒரு வருடமாகத் தன் எழுத்தை அவள் இத்தனை தெளிவாகப் பார்த்ததில்லை, எவ்வளவு அழகான எழுத்து, அழுகை வருகிறது, விழுந்தால் மை கலையும் என்று மூக்கை உறிஞ்சிக்கொள்கிறாள். அறவாழி சார் பின்னால் வந்து குனிந்து நிற்பது தெரிகிறது. முதலில் நோட்டைப் பார்க்கிறார். அப்புறம் அவள் எழுதுவதைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்க்கிறார், கல்லுக்குள் வளர்ந்து நிற்கும் எழுத்தைப் பார்க்கிறார். பிறகு செருப்புச் சத்தம் வாசலுக்கு ஓடுகிறது. "வண்டிய நிறுத்துப்பா! ஏ நாலுல ஒரு கூடை மண்ணு விழக்கூடாது, நிறுத்து!" டிராக்டர் இருமி அடங்குகிறது. பட்டியலில் பெயர் இருக்குமோ அடிபடுமோ, அவள் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தில் ஆழம். இரண்டு மீட்டர் பத்து. பேனாவை வைத்துவிட்டாள், கல்லை எடுக்கவில்லை. மை காய வேண்டும். ஒன்று, இரண்டு என்று ஆரம்பிக்கிறாள், தார்ப்பாய் உப்பி அடங்குகிறது, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று.